ராமநாதபுரம் தொகுதிக்குப் புதியவரா? கரையோர வாக்காளருக்கு ஒரு வழிகாட்டி

ராமேஸ்வரத்துக்கோ கீழக்கரைக்கோ தொண்டிக்கோ வேலை மாற்றலாகி வந்திருப்பீர்கள். கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்திருப்பீர்கள். இல்லை, இங்கேயே பிறந்து வளர்ந்து இந்த வருஷம்தான் பதினெட்டு முடிந்திருக்கும். உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். சொல்வதில் பாதிக்கு மேல் சட்டமன்றத் தேர்தலுக்கும் பொருந்தும் என்றாலும், முக்கியமாக நாடாளுமன்றத் தேர்தலை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் ஓட்டு பறிபோவது பெரும்பாலும் வாக்குச்சாவடி வாசலில் இல்லை. அதற்குப் பல மாதம் முன்பே, யாரும் கவனிக்காத நேரத்தில், வாக்காளர் பட்டியலில் பறிபோகிறது. கடலுக்குப் போனவர், வளைகுடாவுக்குப் போனவர், சென்னையில் கடை வைத்திருப்பவர் என்று ஊரில் ஒரு பகுதி எப்போதும் வெளியில் இருக்கும் கரை இது. அதனால் பட்டியலைப் பற்றி நிறையச் சொல்வேன். ஓட்டுப் போடும் முறையை உங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

முதல் படி: நீங்கள் எந்தத் தொகுதி?

மாவட்டமும் நாடாளுமன்றத் தொகுதியும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. ராமநாதபுரம் நாடாளுமன்றத் தொகுதியின் எண் 35. இதற்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ராமநாதபுரம், திருவாடானை, முதுகுளத்தூர், பரமக்குடி (தனி) என்ற நான்கும் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. அறந்தாங்கி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது, திருச்சுழி விருதுநகர் மாவட்டத்தில். 2008 தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு, 2009 தேர்தலிலிருந்து இதுதான் அமைப்பு.

கரையை மட்டும் எடுத்துக்கொண்டால், ராமேஸ்வரம் தீவும் மண்டபமும் கீழக்கரையும் ராமநாதபுரம் சட்டமன்றத் தொகுதி. தொண்டி, எஸ்.பி.பட்டினம் பக்கம் திருவாடானை. சாயல்குடி, வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் முதுகுளத்தூர். வடக்கே கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் அறந்தாங்கி. பரமக்குடிக்கும் திருச்சுழிக்கும் கடலே கிடையாது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், தொகுதியின் அரசியலே இதில்தான் இருக்கிறது. 2024-ல் இங்கே சுமார் 16 லட்சம் வாக்காளர்கள். கரை நான்கு சட்டமன்றத் தொகுதிகளைத் தொட்டாலும், ஒவ்வொன்றிலும் அது ஓர் ஓரம்தான். உள்நாட்டுக்குப் போனால் கண்மாய், முண்டு மிளகாய், சீமைக்கருவேலம் மூட்டக் கரி, பரமக்குடித் தறி என்று வேறு பேச்சு. ஜெயிக்க நினைக்கும் எந்த வேட்பாளரும் மீனை மட்டும் பேசி ஜெயிக்க முடியாது. கரையில் ஓட்டுகள் சிதறினால், கரையின் குரலும் எளிதாகக் கரைந்துவிடும்.

இரண்டாம் படி: பட்டியலில் பெயர்

வாக்காளர் அடையாள அட்டை கையில் இருந்தால் ஓட்டு இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு. அட்டை இல்லாவிட்டால்கூட ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய வங்கிப் புத்தகம் போன்ற ஒன்றைக் காட்டி ஓட்டுப் போடலாம். பட்டியலில் பெயர் இல்லாமல், எந்த அட்டையைக் காட்டினாலும் முடியாது.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிர திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகக் கணக்கீட்டுப் படிவம் கொடுத்து, நிரப்பி வாங்கினார்கள். டிசம்பர் 19-ல் வெளிவந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இரண்டு இடத்தில் பெயர் இருந்தவர்கள், இடம் மாறியவர்கள் என்று காரணங்கள் உண்டு. ஆனால் வீடு பூட்டிக் கிடந்ததால் படிவம் திரும்ப வராத குடும்பங்களும் அந்தக் கணக்கில் வரும். பூட்டிய வீடுகளுக்கு நம் கரையில் பஞ்சமில்லை. ஆகவே, போன தேர்தலில் ஓட்டுப் போட்டவராக இருந்தாலும் இப்போது ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பார்ப்பது எப்படி? தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்தில் தேடலாம். பெயரை அடித்துத் தேடுவதைவிட அடையாள அட்டை எண்ணைப் போட்டுத் தேடுங்கள். செய்யது, சையது, செய்யிது என்று ஒரே பெயர் மூன்று விதமாகப் பதிவாகியிருக்கும் ஊர்கள் நம்முடையவை. இணையம் ஒத்துவரவில்லையா, 1950-க்குப் போன் செய்யுங்கள். இன்னும் நல்ல வழி, உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரைத் தேடிப் போவது. அவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். தெருவில் கேட்டால் "நம்ம டீச்சர்தான்" என்று வீட்டைக் காட்டுவார்கள்.

அவர் கையில் இருக்கும் பட்டியலை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு முப்பது கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மூலையில் வரிசை எண், இன்னொரு மூலையில் அட்டை எண். நடுவில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம். மேலே பாகம் எண், அதாவது உங்கள் வாக்குச்சாவடிப் பகுதியின் எண். பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் போனில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டு எண்ணைச் சரிபாருங்கள். கடலோரக் குடியிருப்புகளில் பழைய எண், புதிய எண், சுனாமி வீட்டு எண் என்று குழம்பிக் கிடப்பதால், ஒரே வீட்டுக்குள் தாய் ஒரு பாகத்திலும் மகன் இன்னொரு பாகத்திலும் விழுந்திருப்பதைப் பலமுறை பார்க்கலாம். அது தப்பாகத் தெரியாது. ஓட்டுப் போடும் நாளில் தாய் ஒரு பள்ளிக்கும் மகன் வேறு பள்ளிக்கும் அலையும்போதுதான் தெரியும்.

படிவங்கள் நான்கைத் தெரிந்துகொண்டால் போதும். முதல் முறை பெயர் சேர்க்க, அல்லது நீக்கப்பட்ட பெயரை மறுபடி சேர்க்க, படிவம் 6. வெளிநாட்டில் இருப்பவருக்குப் படிவம் 6ஏ. ஒரு பெயர் இருக்கக் கூடாது என்று ஆட்சேபிக்கப் படிவம் 7. வீடு மாற்றம், பெயர்த் திருத்தம், அட்டை தொலைந்தது எல்லாவற்றுக்கும் படிவம் 8. வேறு தொகுதியிலிருந்து மாற்றலாகி வந்தவர்களும் இப்போது படிவம் 8-தான் கொடுக்க வேண்டும். கல்யாணமாகி வந்த பெண்களுக்கும் அதேதான். பிறந்த ஊரில் பெயர் இருக்கும்போது இங்கே புதிதாகப் படிவம் 6 கொடுத்துவிடாதீர்கள். இரண்டு இடத்தில் பெயர் இருப்பது சட்டப்படி கூடாது. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைகூட உண்டு.

பதினெட்டு வயதைக் கணக்கிட இப்போது வருஷத்துக்கு நான்கு தேதிகள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. பதினேழு முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பித்துவிடலாம். தேர்தல் வரட்டும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பு வரை வரும் விண்ணப்பங்களைத்தான் அந்தத் தேர்தலுக்கு எடுத்துக்கொள்வார்கள். 2024-ல் மார்ச் 16-ல் தேர்தல் தேதியை அறிவித்தார்கள். மனு தாக்கல் மார்ச் 27-ல் முடிந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், அறிவிப்பு வந்த மறுநாளோடு கதவு மூடிவிட்டது.

மண்ணடியிலும் துபாயிலும் இருப்பவர்களுக்கு

சென்னை மண்ணடியிலும் பர்மா பஜாரிலும் நம் கரைக்காரர்கள் நிறையப் பேர். அங்கேயே குடியிருந்தால் அவர்களுடைய ஓட்டு துறைமுகம் சட்டமன்றத் தொகுதியில் வரும். அது மத்திய சென்னை நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருக்கிறது. வில்லிவாக்கம், எழும்பூர், சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி, ஆயிரம் விளக்கு, அண்ணா நகர் ஆகியவை அதன் மற்ற ஐந்து பகுதிகள். முழுக்க நகரத்துக்குள்ளேயே அடங்கிய தொகுதி. 2024-ல் அங்கே பதிவான ஓட்டு சுமார் 54 சதவீதம், இங்கே சுமார் 68. அங்கே குறைவதற்குக் காரணங்கள் பல. உடம்பு ஓரிடத்திலும் மனசு ஊரிலும் இருக்கிற ஆட்கள் நிறைந்த இடம் அது என்பதும் அதில் ஒன்று என்பேன்.

ஊரில் போடுவதா, அங்கே போடுவதா? சட்டம் கேட்பது ஒன்றுதான்: வழக்கமாக எங்கே வசிக்கிறீர்கள்? குடும்பத்தோடு அங்கே இருந்து, பிள்ளைகளும் அங்கே படித்தால், அங்கேதான் பதிவு செய்ய வேண்டும். மண்ணடியில் தெருவில் சாக்கடை ஓடினால் அதைக் கேட்க வேண்டியவர் அந்தத் தொகுதிக்காரர்தானே. குடும்பம் ஊரில் இருந்து, நீங்கள் மட்டும் போய்வந்துகொண்டிருந்தால் ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் ஓரிடம் மட்டும்.

வளைகுடாவில் இருப்பவர்கள் படிவம் 6ஏ கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரிக்கே பெயர் சேர்க்கலாம். ஆனால் ஓட்டுப் போட நேரில் வந்தாக வேண்டும், அசல் பாஸ்போர்ட்டோடு. தூதரகத்திலோ தபாலிலோ போடும் வசதி இதுவரை இல்லை. டிக்கெட் போட்டு வந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன், கிளம்பும் முன் வீட்டில் யாரையாவது பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: யார் யார் நிற்கிறார்கள்?

தொகுதியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1967-ல் எஸ்.எம்.முகம்மது ஷெரீப். 1971-ல் பார்வர்டு பிளாக்கின் பி.கே.மூக்கையா தேவர். 1984, 1989, 1991 மூன்று முறையும் காங்கிரசின் வி.ராஜேஸ்வரன். 1996-ல் தமிழ் மாநில காங்கிரஸ், 1998-லும் 1999-லும் அதிமுக, 2004-லும் 2009-லும் திமுக, 2014-ல் அதிமுகவின் அன்வர் ராஜா. 2019-லும் 2024-லும் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் கே.நவாஸ்கனி, திமுக கூட்டணியில், ஏணிச் சின்னத்தில். வரிசையைப் பார்த்தாலே புரியும், எந்தக் கட்சிக்கும் இது நிரந்தரக் கோட்டை கிடையாது. கூட்டணி எப்படி அமைகிறது என்பதில்தான் பாதி முடிவு. சாதி, மதக் கணக்கு போட்டு ஆள் நிறுத்துவார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தக் கணக்கை மட்டும் வைத்து இந்தத் தொகுதியைப் படித்துவிட முடியாது.

2024-ல் நடந்தது புதியவர்களுக்கு நல்ல பாடம். முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக, பலாப்பழச் சின்னத்தில், பாஜக ஆதரவோடு நின்றார். அதே ஓ.பன்னீர்செல்வம் என்ற பெயரில் வேறு சிலரும் சுயேச்சையாக நின்றார்கள். ஓர் எந்திரத்தில் நோட்டாவையும் சேர்த்துப் பதினாறு வரிசைதான். வேட்பாளர் கூடினால் பக்கத்தில் இரண்டாவது எந்திரம் வைப்பார்கள். ஒரே பெயர் மேலும் கீழும் வந்து நிற்கும்போது கண்ணாடி போடாமல் போன பெரியவர் என்ன செய்வார்? பெயரை நம்பாதீர்கள். சின்னத்தையும் பக்கத்திலுள்ள படத்தையும் பார்த்து அழுத்துங்கள். வீட்டிலுள்ள மூத்தவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வேட்பாளர்கள் மனுவோடு கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் படிக்கலாம். முதல் பக்கத்தோடு நிறுத்தாமல் வழக்குப் பகுதிவரை போங்கள்.

நான்காம் படி: யாரிடம் எதைக் கேட்பது?

பிரசாரம் தொடங்கினால் வேட்பாளர் வண்டி முதலில் நிற்கும் இடங்கள் தெரிந்தவைதான்: ஜமாத், பங்குத்தந்தை, விசைப்படகு சங்கம், ஊர்த்தலைவர். அங்கே பேசுவதில் தப்பில்லை, ஊருக்குப் பொதுவாகக் கேட்க வேண்டியதை அங்கேதான் கேட்க முடியும். ஆனால் யார் என்ன முடிவு சொன்னாலும் மறைப்புக்குள் விரல் உங்களுடையது.

கூட்டத்தில் எல்லாருமே எல்லாவற்றையும் தருவதாகச் சொல்வார்கள். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். தெருவிளக்கும் குப்பையும் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சியின் வேலை. குடிநீர்த் திட்டம், அரசு ஆஸ்பத்திரி, விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத மாதங்களுக்கான தடைக்கால நிவாரணம், டீசல் மானியம் இவையெல்லாம் மாநில அரசு. தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் அறிவித்தவர் முதல்வர்தான். ரயில், தேசிய நெடுஞ்சாலை, கடலோரக் காவல்படை, வெளியுறவு மத்திய அரசு. மீன்பிடித்தல் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள ஆட்சிக்கடலுக்கு அப்பால் நடக்கும் மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலுக்குப் போய்விடும். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துப்போகும்போது பேச வேண்டியது டெல்லி. அதனால்தான் நம் கரைக்கு நாடாளுமன்ற உறுப்பினர் மற்ற ஊர்களைவிடக் கூடுதல் முக்கியம்.

கச்சத்தீவு பற்றி எல்லா மேடையிலும் பேசுவார்கள். 1974-ல் அதை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் வந்தபோது மக்களவையில் அதை எதிர்த்துப் பேசியவர்களில் அன்றைய நம் தொகுதி உறுப்பினர் மூக்கையா தேவரும் ஒருவர். அந்த வலி உண்மையானது. ஆனால் கச்சத்தீவோடு பேச்சை முடிக்க விடாதீர்கள். பிடிபட்ட படகை மீட்க என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். 2018-ல் இலங்கை வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு உயர்த்திய பிறகு, ஆள் திரும்பி வந்தாலும் படகு வருவதில்லை. படகு போனால் குடும்பம் கடனோடு நிற்கிறது. 2017-ல் கொண்டுவந்த ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள். 80 லட்ச ரூபாய் படகுக்கு மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் பங்கு 10 என்று தொடங்கிய திட்டம் அது. பாக் நீரிணையில் 2,000 இழுவைப் படகுகளை மாற்றுவதாகச் சொன்னார்கள். அந்த எண்ணிக்கையின் பக்கத்தில்கூட அது வரவில்லை.

"மீனவர் நலன்" என்று பொதுவாகச் சொன்னால் எந்த மீனவர் என்று கேளுங்கள். விசைப்படகுக்காரர் கேட்பது ஒன்று. நாட்டுப்படகுக்காரர் இரட்டைமடி வலையைத் தடுக்கச் சொல்வார். பாசி எடுக்கப் போகும் பெண்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளின் பக்கம் போனால் வனத்துறை பிடிக்கிறது என்பார்கள். மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லும் வேட்பாளர் மூன்று பேர் பேச்சையும் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

பணம் பற்றி இரண்டு வார்த்தை

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைப் போலவே வாங்குவதும் குற்றம், ஓராண்டு வரை சிறை. யாராவது விநியோகித்தால் சி-விஜில் செயலியில் படமோ வீடியோவோ எடுத்து அனுப்பலாம். இன்னொன்று வியாபாரிகளுக்கு. தேர்தல் அறிவித்ததிலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் ஆவணம் வேண்டும். மீன் ஏலத்துக்குப் போகும் பணம் என்று வாயால் சொன்னால் பறக்கும் படை கேட்காது. வங்கியில் எடுத்த சீட்டு, கொள்முதல் பில் இரண்டையும் வண்டியிலேயே வைத்திருங்கள்.

ஐந்தாம் படி: ஓட்டுப் போடும் நாள்

2019-ல் ஏப்ரல் 18, 2024-ல் ஏப்ரல் 19. கிழக்குக் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆக, இரண்டு முறையும் விசைப்படகுகள் துறையில் கட்டிக் கிடந்தன, ஆட்கள் ஊரில் இருந்தார்கள். சட்டமன்றத் தேர்தலுக்கு அந்த உறுதி இல்லை, 2021-ல் ஏப்ரல் 6-லேயே நடந்துவிட்டது. நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. கூலிக்காரருக்குச் சம்பளத்தோடு விடுமுறை உண்டு என்கிறது சட்டம், பங்குக்குக் கடலுக்குப் போகிறவருக்கு அது உதவாது. காலை 7 மணிக்கே போட்டுவிட்டுக் கிளம்புங்கள், அல்லது மாலை 6 மணிக்குள் வரிசையில் நின்றுவிடுங்கள். ஆறு மணிக்கு வரிசையில் இருப்பவர்களுக்கு டோக்கன் கொடுத்துவிடுவார்கள், எவ்வளவு நேரமானாலும் போடலாம்.

உள்ளே போனால் முதல் அலுவலர் பெயரை வாசிப்பார், முகவர்கள் சரிபார்ப்பார்கள். அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்துக் கையெழுத்து வாங்குவார். நீல பொத்தானை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் நீங்கள் போட்ட சின்னம் ஏழு நொடி தெரியும். நின்று பார்த்துவிட்டு வாருங்கள். போனை வெளியில் விட்டுவிடுங்கள்.

உங்கள் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டார்கள் என்றால் திரும்பிப் போகாதீர்கள். 49-பி (49P) விதியைச் சொல்லித் தலைமை அலுவலரிடம் கேளுங்கள். அடையாளத்தை விசாரித்துவிட்டு, காகித வாக்குச்சீட்டு கொடுப்பார். அது உறையில் தனியாக வைக்கப்படும். வழக்கம்போல் எண்ணமாட்டார்கள். ஆனால் நீதிமன்றம்வரை போகும்போது அதுதான் சாட்சி. 85 வயதைக் கடந்தவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளும் படிவம் 12டி கொடுத்து வீட்டிலேயே போடலாம். அதற்குத் தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

முடிவு வந்த பிறகு

ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினருக்கும் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். ஆறு சட்டமன்றத் தொகுதிக்குப் பிரித்தால் ஒன்றுக்கு ஒரு கோடிகூட வராது. அதனால் வலை பின்னும் கூடம், சமுதாயக் கூடம் போன்றவற்றுக்கு ஊர் சார்பில் சீக்கிரமே எழுத்தில் கேளுங்கள். மற்றக் கோரிக்கைகளுக்குத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது, மீனவர்களுக்குத் தனிக் குறைதீர்க் கூட்டமும் நடக்கும். மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

மக்களவைத் தளத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் கேட்ட கேள்வியும் அமைச்சர் சொன்ன பதிலும் தேதியோடு கிடைக்கின்றன. நம் உறுப்பினர் பெயரைப் போட்டு, மீனவர், ரயில், பாம்பன் என்று தேடிப் பாருங்கள். சிறைப்பட்டவர் எத்தனை, பறிபோன படகு எத்தனை என்று அரசே கொடுத்த கணக்கு அங்கே கிடைக்கும். அடுத்த தடவை வேட்பாளர் வண்டி தெருவுக்குள் வரும்போது அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.